கோலார் தங்கவயலில் எடுத்து, விற்காமல் வைத்த படம்

பெங்களூரில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர் வேலை எனக்கு. பக்க வருமானத்துக்கு மூன்று வருடமாக ஸ்டாக் போட்டோ விற்கிறேன். இணையதளத்தில் படத்தை ஏற்றிவிட்டால், விளம்பரத்துக்கோ புத்தகத்துக்கோ யாராவது வாங்கும்போது நமக்கு ஒரு பங்கு வரும். காபிக் கோப்பையும் மடிக்கணினியும் அங்கே ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. வேறு ஏதாவது வேண்டுமென்றுதான் போன டிசம்பரில் ஒரு ஞாயிறு கே.ஜி.எஃப். கிளம்பினேன்.

காலை ஆறரை மணி ரயில், பங்காருபேட்டை வழியாக மாரிகுப்பம். இரண்டரை மணி நேரம், முப்பது ரூபாய். (கையில் இட்லி இருக்கட்டும்.) ஸ்டேஷன் வாசலில் மூன்று மணி நேரத்துக்கு அறுநூறு ரூபாய் பேசி ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் ஜெரால்டுக்கு நாற்பது வயதிருக்கும். அவர் அப்பா சுரங்கத் தொழிலாளி.

இரண்டு கிலோமீட்டர் தாண்டி ஒரு திருப்பம். சயனைடு மலை! சுரங்கத்தில் வெட்டிய பாறையை அரைத்து, சயனைடால் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய தூள், நிஜ மலையாகவே நிற்கிறது. மழை அறுத்த மடிப்புகள், வெயிலில் வெள்ளையும் காவியுமாக. பத்து நிமிடம் கேமராவைத் தூக்கவே தோன்றவில்லை.

அளவு தெரிவதற்காக ஜெரால்டைச் சாலையோரம் நிற்கச் சொன்னேன். தெளிவாக அவர் முகம், பின்னால் வானம்வரை மலை. நான் எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான். திரையில் காட்டினேன்.

"இத்தினியுமா கீழேந்து வந்துச்சு?" என்றார், தினமும் அதைக் கடந்து போகிறவர்.

முகம் தெரியும் படத்தை விளம்பரத்துக்கு விற்க அவர் கையெழுத்து வேண்டும். படிவத்தை நீட்டினேன். நிதானமாகப் படித்தார்.

"எதுக்கு வேணா யூஸ் பண்ணலாம்னு போட்டுக்குதே. இன்னாத்துக்கு மேடம்?"

"எனக்கே தெரியாதுங்க. லோனா இருக்கலாம், சோப்பா இருக்கலாம். வாங்குறவங்க இஷ்டம்."

"எங்கப்பா தூசி தின்னே செத்தாரு. இது முன்னாடி நின்னுக்கினு நான் எவனுக்கோ சோப்பு விக்கணுமா? வேணாம் மேடம்." கோபமில்லாமல்தான் சொன்னார். "எங்கம்மாவுக்கு ஒரு காப்பி குடுங்க, போதும்."

விளம்பரத்துக்கு இல்லை, செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று குறித்தால் கையெழுத்து இல்லாமலும் ஏற்றலாம். திரும்பும் ரயிலில் பங்காருபேட்டைவரை அந்த ஆசை என்னைப் பிடித்து உலுக்கியது. ஏற்றவில்லை. ஆளில்லாத ஏழு படங்களை மட்டும் ஏற்றினேன். இதுவரை இரண்டு விற்றிருக்கின்றன.

போகிறவர்களுக்கு: மலையில் ஏறாதீர்கள், அந்தத் தூள் உடம்புக்கு ஆகாது. சாலையிலிருந்தே எடுங்கள். பத்து மணிக்குள் போனால் மடிப்புகளில் நிழல் கிடைக்கும். படிவம் தமிழிலும் கன்னடத்திலும் இருக்கட்டும். என்னைப்போல் பிறகு நீட்டாமல், படம் எடுக்கும் முன்பே காட்டுங்கள்.

ஜெரால்டின் அம்மாவுக்கு அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்பினேன். ஜெரால்டு போன் செய்தார்.

"அம்மா என்னைப் பாக்கவேயில்ல மேடம். மலையையே பாத்துக்கினு இருந்தாங்க. அப்புறம், 'இதுல உங்கப்பா வெட்னது எதுடா?'ன்னு கேட்டாங்க."