என் தூக்கத்துக்குக் காவல் இருந்த மாமனார்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். என் மாமனார் அய்யாக்கண்ணு காலமான செய்திக்கு நான் அனுப்பிய முதல் பதில், கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம். தலை நிறையச் சாயம்; கண்ணில் கண்ணாடி இல்லை. குடும்ப வாட்ஸ்அப்பில் ஏதோ வந்திருந்தது. வழக்கம்போல் கோயில் அன்னதானமாக இருக்கும் என்று தட்டிவிட்டேன். மருத்துவமனையில் அப்பாவின் பக்கத்தில் நின்றிருந்த என் கணவர் சேகர் உடனே அழைத்தார்.

"கோமதி, கண்ணாடியப் போட்டுக்கிட்டு திரும்பப் படி."

படித்தேன். குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். ஜோகூர் பாருவிலிருந்து லாபிஸ் போய்ச் சேர்ந்தபோது, துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, சாயம் பட்டுக் கறுத்துப்போயிருந்த என் இடது காதைத்தான் பார்த்தார்கள்.

மாமாவை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். செம்பனைக் குலை ஏற்றும் லோரியை முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டியவர். ஆறடி உயரம். பேச்சு மட்டும் அரையடி. என் மகள் பிறந்தபோது மாமியார் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மெர்சிங்கில் என் அம்மா காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். சேகருக்குச் சிங்கப்பூரில் வேலை. வாரம் ஒருநாள்தான் வீடு. ஆகவே பச்சை உடம்போடு நான் போய் இறங்கியது, ஒற்றை ஆளாக இருந்த மாமனார் வீட்டில். குழந்தையைக் குளிப்பாட்ட மட்டும் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா வருவார்.

எங்களுக்குள் பயங்கரக் கூச்சம். மாமா பத்தியச் சோறு சமைத்து அறை வாசலில் முக்காலி மேல் வைத்துவிட்டு, இருமிவிட்டுப் போவார். இரண்டு இருமல் என்றால் சாப்பாடு. ஒரு இருமல் என்றால் சுடுதண்ணீர்.

பன்னிரண்டாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. பிறந்ததிலிருந்து தொடர்ந்து இரண்டு மணி நேரம் தூங்கியதில்லை. குழந்தை அழுதால் நானும் அழுதேன். அது நிறுத்திய பிறகும் நான் நிறுத்தவில்லை. இந்தப் பிள்ளைக்கு நான் லாயக்கில்லை, யாரிடமாவது கொடுத்துவிட்டு ஓடிவிட வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தேன். இன்று சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், அன்று சிரிப்பில்லை. துணிப்பையை எடுத்துக்கொண்டு வரவேற்பறைக்கு வந்தேன். மாமா பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"எங்கம்மா?"

"மெர்சிங்குக்கு. பஸ்ல."

"பிள்ளை?"

"நீங்களே வச்சிக்குங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பத்திரிகையை மடித்தார்.

"சரிம்மா. பஸ்ஸு வேணாம், நானே கொண்டுபோய் விடுறேன். தூங்கி எந்திரிச்சதும் கெளம்பலாம். பிள்ளைக்குப் பசிச்சா எழுப்புறேன்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். பிள்ளையைத் தாங்கிய விதத்தைப் பார்த்தபோது, மூன்று பிள்ளை வளர்த்த கையல்லவா என்று தோன்றியது. படுத்தேன். கதவு தட்டப்பட்டபோது வெயில் சாய்ந்திருந்தது. பையைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

நன்றாகத் தூங்கினேன். ஆனால் அதற்குள் மார்பில் பால் கட்டிக் கல்லாகிவிட்டது. வலியில் பாக்கியம் அக்காவிடம் புலம்பியது மாமா காதில் விழுந்திருக்க வேண்டும். மறுநாள் காலை கிளினிக்கில், பிள்ளைத்தாய்ச்சிகள் வரிசையில் நம்பர் எடுத்து ஆறடி மனிதர் உட்கார்ந்திருந்தாராம். ஊரே பேசியது. திரும்பி வந்தவர், குளிர்ந்த கோபிஸ் ஒன்றை, அதாவது முட்டைக்கோஸை, பையோடு கதவுப் பிடியில் மாட்டிவிட்டு, "நர்ஸ் மிஸி குடுக்கச் சொன்னாங்க" என்று சொல்லிக்கொண்டே ஓட்டமெடுத்தார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! உட்காரவே முடியவில்லை, இதில் நான் சமைக்க வேறு வேண்டுமா? வீம்புக்கு எழுந்துபோய், கடுகு தாளித்துப் பொரியல் செய்து மேசையில் டங்கென்று வைத்தேன். மாமா தட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. தலை நிமிராமல் மொத்தத்தையும் சாப்பிட்டு முடித்தார்.

சாயங்காலம் இரண்டாவது கோபிஸோடு பாக்கியம் அக்கா வந்தார்.

"அடியே, இது திங்கிறதுக்கா? எலைய உரிச்சி மாருல வைடி! பிள்ளைக்கும் விடாம பால் குடு. காச்சல் வந்தா ஒடனே கிளினிக்குக்கு வரச் சொன்னாங்களாம்."

"அலமாக்! மாமா ஏன்க்கா சொல்லல?"

"நல்லா கேட்டே போ. மருமககிட்ட அத எந்த வாயால சொல்லுவாரு மனுசன்?"

அதன் பிறகு மத்தியானம் என் அறைக் கதவு யாருக்கும் திறக்கவில்லை. மாமா பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டு, மடியில் பேத்தியோடு உட்கார்ந்துவிடுவார். பார்க்க வந்தவர்கள் முகத்தைத் தூக்கினார்கள். "என்ன அண்ணே, உள்ள வந்து உக்காரக்கூடாதா? தாயப் பாக்க வேணாமா?" என்று ஒரு அம்மாள் கேட்டது என் காதிலேயே விழுந்தது.

"பிள்ளையத்தானே பாக்க வந்தீங்க? இந்தா பிள்ளை. அவ தூங்குறா லா."

என் வாழ்நாளில் என்னைப் பற்றி யாரும் சொன்னதிலேயே மிக அழகான வாக்கியம் அதுதான். முப்பதாம் நாள் என் உடம்பில் நான் திரும்பக் குடிவந்திருந்தேன். பிள்ளையைக் கொஞ்சவும் தெரிந்திருந்தது.

மாமாவின் இறுதி ஊர்வலத்துக்குப் பழைய லோரிக்காரர்கள் வந்திருந்தார்கள். உள்ளே வராமல் சாலையோரமாகவே நின்றார்கள். பெட்டியைத் தூக்கியதும், அவர்களில் ஒருவர் தன் லோரியில் ஏறி ஹார்னை அழுத்தினார். பெட்டி ஏற்றிய வண்டி முனை திரும்பி மறையும்வரை கையை எடுக்கவில்லை. நான் கும்பிட்டேன். நிம்மதியாகப் போய் வாருங்கள், மாமா. உங்கள் பேத்தியை நான் எங்கும் விட்டுவிட்டு ஓடவில்லை.

எல்லாம் முடிந்து திரும்பி வந்து கால் கழுவும்போது, பாக்கியம் அக்காவிடம் சொன்னேன்: "மாமியார் கொடுத்து வச்சவங்கக்கா. மூணு பிரசவத்துக்கும் எப்படிப் பாத்திருப்பாரு!"

அக்கா குழாயை மூடினார்.

"இவரா? பிள்ளை அழுற சத்தம் ஆகாதுன்னு, ஒவ்வொரு பிரசவத்துக்கும் முப்பது நாளு சாஆ டவுன் பக்கம் லோரியிலேயே படுத்துக் கெடந்தாரு."