பாப்பம்மாவின் இதயப் படம்

செல்லையாவின் இடது கை வலது மணிக்கட்டைத் தாங்கியிருந்தது. சிவப்பு எனாமலில் தோய்ந்த தூரிகை இதயத்தின் மேலறையைச் சுற்றி மெல்ல வளைந்து வந்தது. நடுவில் தேசிக்காய் எனும் எலுமிச்சை அளவுக்கு வெற்றிடம். அதற்குள் மஞ்சள் இறங்கத் தொடங்கியது.

"இன்னும் கொஞ்சம் பெரிசாப் போடுங்கோ," என்றார் பின்னால் நின்ற டொக்டர் மகேந்திரராஜா.

"ஸ்கேன்ல இவ்வளவுதானுங்களே, ஐயா?"

"ஸ்கேனைப் பார்க்க ஆர் வருகினம்? மகாநாட்டில கடைசி வரிசைக்கும் தெரியவேணும்."

செல்லையா மாத்தளையில் பெயர்ப்பலகை எழுதுபவர். யாரிடமும் படித்ததில்லை. பழைய பலகைகளைச் சுரண்டி, அடியிலிருந்த எழுத்தைப் பார்த்துப் பழகியவர். தம்புள்ளைக்குப் போகும் மரக்கறி லொறிகளில் வரைந்திருந்த பூசணிக்காயெல்லாம் அவர் கைவேலை. வஹகோட்டைக் கத்தோலிக்கக் கோயிலில் இயேசுவின் திரு இருதயத்துக்கு வர்ணம் புதுப்பித்தவரும் அவரே. ஆகவே இதயம் தெரிந்த ஆள் என்று டொக்டர் அவரைத் தேர்ந்துகொண்டார்.

அது எண்பத்தெட்டாம் ஆண்டு. எல்கடுவ தோட்டத்துப் பாப்பம்மா கொழுந்து பறிக்கும்போது மயங்கி விழுந்தார். இதயத்துக்குள் கட்டி இருப்பது கண்டியில் எடுத்த ஸ்கேனில் தெரிந்தது. லட்சத்தில் ஒருவருக்கும் வராத கட்டி. சீக்கிரம் எடுக்காவிட்டால் ஒருநாள் இரத்தம் போகும் வழியை அடைத்துவிடும். கொழும்பில் சத்திரசிகிச்சைக்குக் கட்டிலும் கிடைத்துவிட்டது.

ஆனால் அடுத்த வாரம் மாத்தளையில் ஆராய்ச்சி மகாநாடு. கட்டி போய்விட்டால் பாப்பம்மா வெறும் நோயாளி. கட்டியோடு இருந்தாலோ டொக்டரின் கண்டுபிடிப்பு. அதனால், "பாதை சரியில்லை" என்று சொல்லி அவரை மாத்தளை ஆஸ்பத்திரி வார்டிலேயே வைத்திருந்தார். கலவரமும் ஊரடங்குமாக நாடு இருந்த நிலையில் பாதை சரியில்லாததும் உண்மைதான். மகாநாட்டுக்கு வரும் விருந்தினர்களுக்கு மட்டும் அது சரியாக இருந்தது.

படத்தில் தேசிக்காய் அளவுக் கட்டி தோடம்பழ அளவுக்குப் பெருத்தது. படமும் காய்ந்தது.

செல்லையாவிடம் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு யாருடையதோ அவர் பார்த்துச் சரி சொன்ன பிறகே பலகையை ஒப்படைப்பார். படம் கேட்டவர் டொக்டர்தான். ஆனால் சரக்கு பாப்பம்மாவுடையது. படத்தை வார்டுக்குத் தூக்கிப் போனார்.

"இதுதாம்மா ஒங்க நெஞ்சு. சரியா இருக்கா, பாருங்க."

"நல்லா செவப்பாத்தான் இருக்கு. இந்த மஞ்சப் பந்து என்னாங்கண்ணே?"

"அதான் கட்டி."

கால்மாட்டில் நின்ற கணவர் இராசமாணிக்கம் பாய்ந்து வந்தார். "சின்னச் சதைன்னுதானே சொன்னாங்க? இது வாசலையே அடைச்சிக்கிட்டுக் கெடக்கே!"

சத்தம் கேட்டு டொக்டர் ஓடி வந்தார். "படத்தில கொஞ்சம் பெரிசு, இராசமாணிக்கம். உண்மையில அவ்வளவு இல்லை."

"அப்ப வர்ற டாக்டர்மாருக்குப் பொய்யா காட்டப் போறீங்க?"

வார்டு முழுவதும் எழுந்து உட்கார்ந்தது. படம் பொய் என்றால் ஆராய்ச்சி போச்சு. உண்மை என்றால் பாப்பம்மா உடனே கொழும்புக்குப் போயாக வேண்டும்.

"படம் சரிதான்," என்றார் டொக்டர், குரலைத் தாழ்த்தி.

"சரின்னா இன்னிக்கே அனுப்புங்க."

"பாதை..."

"லொறியெல்லாம் போகுதுங்களே, ஐயா," என்றார் செல்லையா. "நேத்துக்கூட ஒன்னுக்குப் பேர் எழுதி அனுப்புனேன்."

மத்தியானம் அம்புலன்ஸ் பாப்பம்மாவையும் இராசமாணிக்கத்தையும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்டது. டொக்டர் வாசலில் நின்று அது வளைவில் திரும்பும்வரை பார்த்தார்.

செல்லையா படத்தின் ஓரத்தை விரலால் தொட்டு, வர்ணம் ஒட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு படத்தை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"சட்டத்தப் புடிங்க, ஐயா. நடுவுல கை படக்கூடாது."

டொக்டர் வாங்கிக்கொண்டார்.