அலுமாரிக் கதவும் நாயாற்றுத் தண்ணீரும்

மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஊரில் படகு என்ஜின்கள் எல்லாம் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்த வருடத்தில்தான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அது சும்மா இருந்திருந்தால் எங்கள் அலுமாரிக்கு இன்றைக்கும் இரண்டு கதவு இருந்திருக்கும்.

கடலோரம் தேங்கி நிற்கும் நாயாற்றுக் களப்பில் ஓட ஒரு சின்னப் பாய்ப்படகு கட்டினேன். உடம்பை ஒட்டுப்பலகையில் எவனும் கட்டுவான். தண்ணீருக்குள் போகிற சுக்கானும் நடுப்பலகையும்தான் வித்தை. படகின் நடுத் துவாரத்தால் கீழே இறங்கி நிற்கும் அந்த நடுப்பலகை இல்லாவிட்டால் காற்று படகைப் பக்கவாட்டில் அள்ளிக்கொண்டு போய்விடும். அதன் முன்விளிம்பு உருண்டு, பின்விளிம்பு மெலிந்து, இரண்டு பக்கமும் ஒரே வளைவாக இருக்கவேண்டும் என்று கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரன் சொன்னான். எனக்கு அது வேதவாக்கு.

அதற்கு நன்றாகக் காய்ந்த தேக்கு வேண்டும். அது வீட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தது, மனைவி சீதனமாகக் கொண்டுவந்த அலுமாரியில். அவள் தினமும் காலையில் இடுப்பில் பறிக்கூடையைக் கட்டிக்கொண்டு களப்பில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிப்பவள். அப்படிப் போயிருந்த ஒரு காலையில் கதவைக் கழற்றினேன். ஈரத்தோடு திரும்பியவள், வெளியே தெரிந்த தன் சேலைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேசாமல் குசினிக்குள் அடுப்பு மூட்டப் போனாள். மௌனம் சம்மதம் என்று சொன்னவன் கலியாணம் கட்டாதவனாக இருக்கவேண்டும். நான் அதை நம்பிச் சீவத் தொடங்கினேன்.

அது மாரிகாலம். நடுக்களப்பில் கம்பு ஊன்றிப் பார்த்தேன், ஆறடித் தண்ணீர். ஆகவே பலகைக்கு நாலடி. தகரத்தில் வளைவு வெட்டி வைத்து, வைத்துச் சரிபார்த்து மூன்று கிழமை இழைத்தேன். இதற்கிடையில் வெள்ளம் முற்றத்துக்கு வந்துவிட்டது. களப்புக்கும் கடலுக்கும் நடுவில் மறித்துக் கிடந்த மணலை வெட்டிவிட ஊரே போனபோது மண்வெட்டியோடு முன்னால் நின்றவன் நான்தான். களப்பு இரண்டு நாளில் கடலுக்குள் வடிந்தது. முற்றம் காய்ந்ததென்று சந்தோசப்பட்டேனே தவிர, என் நாலடியை நினைக்கவில்லை.

வெள்ளோட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தேன். அன்றைக்கு எங்கள் கரையில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. தேவாலயத்தில் பூசை முடிந்து ஊர் முழுக்கக் கரையில் நின்றது. அக்கரைக்குப் போய்த் திரும்புவேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். படகைத் தள்ளி ஏறிப் பாயை விரித்துப் பலகையை இறக்கினேன். பாதியில் தட்டியது. துவாரம் இறுக்கமாக்கும் என்று ஏறி நின்று அமுக்கினேன். பலகை சேற்றில் இறங்க, படகு அப்படியே நின்றது. பாய்க்கு அது தெரியாதே. காற்றை வாங்கிச் சரித்து என்னைத் தண்ணீரில் போட்டது. எழுந்து நின்றேன். தண்ணீர் முழங்காலளவு.

மனைவியின் தம்பி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே வந்தான். பலகையை ஆட்டிப் பார்த்தான்.

"நல்ல இறுக்கமாத்தான் நிக்குது அத்தான். நாளைக்கு இதிலை மாட்டைக் கட்டலாம்."

பலகையைப் பிடுங்கிவிட்டுப் படகைக் கயிற்றில் இழுத்துப் போனான். நான் பின்னால் நடந்தேன்.

வீட்டில் மனைவி கதவில்லாத அலுமாரியில் சேலை அடுக்கிக்கொண்டிருந்தாள். மணலை வெட்டிவிட்ட பிறகு களப்பில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதென்று அவள் காலுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஏன் சொல்லவில்லை என்று சீறினேன். அவள் திரும்பவில்லை.

"கதவைக் கழட்ட முதல் என்னட்டை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"