களிம்பு பூசிய நான்கு மாதங்கள்

ஜனவரி 22, புதன். 5.10க்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். இட்லிக் கொப்பரையைப் பரணிலிருந்து இறக்க முடியவில்லை, தோசை ஊற்றினேன். சீப்பு பிடித்த கை காதுக்கு மேல் உயரவில்லை. 6.40க்குத் தலைவாரிவிட வந்த பக்கத்து வீட்டு மாரியம்மாள், "மகாராணிக்குத் தலைவார ஆள் வச்சாச்சு" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலைக்குப் போகிறவளின் கை சிவந்தால் யாரும் யோசிப்பதில்லை. குச்சி மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். செப்டம்பரில் என் விரல் முட்டிகளில் செந்தடிப்பு வந்தது. இமைகள் ஊதா நிறத்தில் வீங்கின. "மருந்து சேரலக்கா, லேபிள் ஒட்டுற பக்கம் போயிருங்க" என்றார் மேஸ்திரி. போனேன்.

அதன்பின் நான்கு மாதம் குச்சி மருந்தைத் தொடவேயில்லை. தடிப்பு கழுத்துக்கு ஏறியது. தரையில் உட்கார்ந்தால் எழுவதற்குத் தொடையில் பலமில்லை. எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதி உள்ளூர் மருத்துவரிடம் நீட்டினேன். படிக்காமலே மூன்றாவது களிம்பை எழுதினார். அந்தக் குழாயைப் பிதுக்கும்போதெல்லாம் அவர் முகம்தான் தெரியும்.

அந்தப் புதன்கிழமை போய்ப் பார்த்த திருநெல்வேலி மருத்துவர் படித்தார். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார்; முடியவில்லை. முந்தின வாரமே அங்கே கொடுத்துவிட்டு வந்த ரத்தத்தில் தசை நொதி (தசை சிதையும்போது ரத்தத்தில் கூடும் பொருள்) பல மடங்கு இருந்தது. டெர்மடோமயோசைடிஸ் (தோலும் தசையும் சேர்ந்து அழற்சியடையும் நோய்) என்றார்.

"இந்த வயசுல இது வந்தா, சிலருக்கு உள்ளே புற்றுநோய் இருக்கலாம்மா. எல்லாருக்கும் இல்ல. ஆனா தேடிப் பார்த்திடணும். நாளைக்கே அடிவயித்து ஸ்கேன் எடுத்துருங்க."

வெளியே நடைவழியில், கூட வந்திருந்த கணவர் ஆரம்பித்தார். "கை வலிக்குன்னு வந்தா வயித்தப் படம் புடிக்கச் சொல்லுதான். எல்லாம் கமிஷன்ட்டி. மாத்திரையச் சாப்பிடு, பொறவு பாப்போம்."

"நாலு மாசம் பாத்தாச்சி. இது எவ் வயிறு. நீங்க வர வேண்டாம்."

அன்று மாலையே பேருந்தில் ஊர் திரும்பினோம்.

இதே தடிப்போடு இதைப் படிப்பவருக்கு: என் சினைப்பையில் கட்டி இருந்தது. வெட்டியெடுத்தார்கள். கீமோ (புற்றணுக்களைக் கொல்லும் மருந்து) ஆறு முறை ஏறியது. இப்போது தலையை நானே வாருகிறேன். களிம்பு கொடுத்தவரை மன்னிக்கவில்லை. என் உடம்பையும்தான். வயிற்றில் இருந்ததை விரலில் காட்டியது, நேராகச் சொல்லியிருக்கலாம்.

திருநெல்வேலி போய் வந்த மறுநாள் காலை, முதல் வேலையாக ஒரு லிட்டர் தண்ணீரை நின்றபடியே குடித்தேன். ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும் என்றிருந்தார்கள். கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி, "இரு, வாரேன்" என்றார். நான் நிற்கவில்லை. வயிறு நிரம்பிக்கொண்டிருந்தது, அதைத் தவிர வேறு கடிகாரம் எனக்கு அப்போது இல்லை.