ஏன் என்று எழுதிவைத்த குறிப்புகள்

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து பல வருடங்களாக ஒரு பிழைதிருத்தியைச் செய்துவந்தோம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், நிரலைப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். ஸ்ரீவைகுண்டத்தில் என் வீட்டு முன்னறை மேசைக்கு அடியில் இருந்த கணினிதான் அதற்குத் தலைமை இடம். யார் எந்த வரியை மாற்றினாலும் அந்த மாற்றம் அங்கே வந்து சேரும். மாற்றியவர் யார், எப்போது, ஏன் மாற்றினார் என்கிற குறிப்பும் கூடவே பதிவாகும். மற்றவர்கள் கையில் இருந்தது அன்றன்றைய நிரல் மட்டும். பழைய வரலாறு முழுவதும் என்னிடம். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

சொற்களையும் விதிகளையும் கவனித்துக்கொண்டவர் முக்கூடல்காரர், என் நண்பர். பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை. ஒரு சொல்லைச் சேர்த்தால் ஏன் சேர்த்தார் என்று இரண்டு வரியாவது எழுதாமல் விடமாட்டார். ஒருநாள் அவர், எல்லோரும் 'கிட்' என்கிற முறைக்கு மாறிவிட்டார்களாம், நாமும் மாறலாம் என்றார். அதில் ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும்.

"அதான் என் வீட்டுல பத்திரமா இருக்குல்லா. எதுக்குவே பயப்படுதீரு?"

"பயமெல்லாம் இல்ல வே. எங்கிட்டயும் முழுசா ஒண்ணு இருக்கட்டுமேன்னுதான் கேக்கேன்."

பார்க்கலாம் என்றேன். ஆளுக்கொரு முழுப் பிரதி வைத்துக்கொண்டால் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள் என்று உள்ளுக்குள் தோன்றியது. அவர் திரும்பக் கேட்கவில்லை.

நோய்த்தொற்றுக் காலத்தில் அவர் இறந்துபோனார். ஊரடங்கு என்பதால் நான் போகவில்லை. ஊரடங்கு முடிந்த பிறகும் போகவில்லை. போய் அவர் மனைவியிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நாள் தள்ளினேன். நாள் தள்ளியதே பிறகு வெட்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அந்தக் கணினியில் அவருடைய குறிப்புகளைத் திறந்து வாசிப்பேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

எங்களில் மேலப்பாளையத்துப் பெண் ஒருவர் உண்டு. வீட்டிலிருந்தே ஒரு நிறுவனத்துக்கு நிரல் எழுதுகிறவர். அவரும் இரண்டு தடவை 'கிட்' பேச்சை எடுத்தார். அவரிடமும் பார்க்கலாம் என்றுதான் சொன்னேன்.

பிறகு அந்த மழை வந்தது. விடிகிற நேரத்தில் தெருவில் ஆறு ஓடியது. அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு மாடிவீட்டுக்காரர் வீட்டுக்குப் போவதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. கணினியைப் பற்றி நினைக்கவே இல்லை. நான்கு நாள் கழித்து வீட்டைத் திறந்தபோது ஜன்னல் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. மேசை கவிழ்ந்து கிடந்தது. கணினியைத் தூக்கியதும் உள்ளேயிருந்து வண்டல் வழிந்தது. மாதாமாதம் பிரதி எடுத்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்க் அதே அறையின் பீரோவில், கீழ்த்தட்டில் இருந்தது. இரண்டையும் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் சென்னைக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து, ஒன்றும் எடுக்க முடியாது என்று பதில் வந்தது.

நிரல் போகவில்லை. அது எல்லோரிடமும் இருந்தது. போனவை குறிப்புகள். சேறு அள்ளும்போது வராத அழுகை, அன்று கடையிலிருந்து திரும்பும்போது பஸ் நிலையத்தில் வந்தது. எல்லோருக்கும் மன்னிப்புக் கேட்டு ஒரு மடல் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் மேலப்பாளையத்திலிருந்து போன் வந்தது.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். கோவப்படப்படாது."

"சொல்லும்மா."

"எல்லாம் எங்கிட்ட இருக்கு. மொதல் நாள்லேருந்து, ஒவ்வொரு மாத்தமும். முக்கூடல் அண்ணன் மவுத்தானதுக்கு அப்புறம் எனக்குப் பயம் வந்துட்டு. அவரு எழுதுனது பூரா ஒரே இடத்துல கிடக்கேன்னு, ஒங்ககிட்ட கேக்காம ஒவ்வொண்ணா இறக்கி கிட்டுல போட்டு வச்சேன். ஒருநாள் கம்ப்யூட்டர் படுத்துட்டுன்னு சத்தம் போட்டீங்கள்லா? அது நான் இறக்குனதாலதான்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அண்ணே, இருக்கீங்களா? மழைக்கு முந்தின வியாழக்கிழமை வரைக்கும் இருக்கு. ரெண்டு மாத்தம்தான் விட்டுப்போச்சு. அது ரெண்டும் நீங்க பண்ணினது."

மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன். எல்லோரும் முறையாகக் 'கிட்'டுக்கு மாற வேண்டுமானால், எழுதியவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் தேவைப்பட்டது. பழைய முறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு சுருக்கப் பெயர்தான். புதியதில் முழுப்பெயரும் மின்னஞ்சல் முகவரியும் வேண்டும். எல்லோரும் அனுப்பிவிட்டார்கள். முக்கூடல்காரருடைய இடம் காலியாக இருந்தது. அவருடைய பழைய முகவரிக்கு எழுதினால் திரும்பி வந்தது.

"சும்மா ஏதாவது போட்டாலும் வேலை நடக்கும். ஆனா மனசு வரல. நீங்க அவரு வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வாங்கண்ணே" என்றார்.

முக்கூடல் பஸ்ஸில் போகும்போது திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன். நண்பரின் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். "வாங்க அண்ணாச்சி" என்றாரே தவிர, இத்தனை வருடம் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. நானே சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவுகளும் ஒங்களப் பத்தி அப்படித்தான் சொல்லுவாக. லேசுல ஒத்துக்கிட மாட்டாரு, ஒத்துக்கிட்டா முழுசா ஒத்துக்கிடுவாருன்னு."

நான் கொண்டுபோன மடிக்கணினியில் அவருடைய குறிப்புகளைத் திறந்து வாசித்துக் காட்டினேன். ஒரு இடத்தில், பேச்சுவழக்குச் சொற்களைத் தனிப் பட்டியலாகச் சேர்த்துவிட்டு இப்படி எழுதியிருந்தார்: 'சேர்த்தது: வாரேன், போறேன், செய்யுதேன், பாத்துக்கிடுதேன். இவை பிழை என்றால் என் வீட்டம்மா காலையிலிருந்து இரவுவரை பிழையாகவே பேசுகிறாள். அவளிடம் அதை யார் சொல்வது?'

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

முகவரி பற்றிக் கேட்டபோது தன்னுடையதைப் போடச் சொன்னார்.

"யாராவது சந்தேகம் கேட்டு எழுதுவாங்கம்மா."

"எழுதட்டும். தெரிஞ்சா சொல்லுதேன். தெரியலன்னா ஒங்களக் கேக்கேன்."

நண்பருடைய பெயருக்கு நேராக அவர் மனைவியின் முகவரி ஏறியது. அந்த வீட்டிலிருந்த நண்பரின் பழைய கணினியிலும் முழு வரலாற்றையும் இறக்கி வைத்தேன். நண்பர் அன்று என்னிடம் கேட்டது அதுதான்.

இப்போது தலைமை இடம் என்று எதுவும் இல்லை. இதுவரை மூன்று பேர் அந்த முகவரிக்கு எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கு நண்பரின் மனைவியே பதில் போட்டுவிட்டார். மூன்றாவது, புணர்ச்சி விதி பற்றி மலேசியாவிலிருந்து வந்த கேள்வி. எனக்குப் போன் செய்தார். எனக்கும் தெரியவில்லை. அவர் அந்தக் கணினியிலும் நான் இந்தக் கணினியிலும், போனை வைக்காமலே, நண்பரின் குறிப்புகளில் தேடத் தொடங்கினோம்.