பக்கத்து வீட்டில் வைத்த பயணம்

அண்ணை வீட்டை விட்டு இறங்கியபோது "போறன்" என்றுதான் சொன்னார். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சந்தைக்குப் போனாலும் "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு இந்தியாவுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வள்ளம் காத்திருந்தது, சண்டை கிட்ட வந்துவிட்டது, அவசரத்தில் வாய் தவறிவிட்டது. நான் சின்னப் பையன். அவர் தமிழ்நாட்டு அகதி முகாமிலேயே தங்கிவிட்டார். அம்மா சாகும்வரை அந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

இப்போது அண்ணைக்கு வயிற்றில் கட்டி. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். "ஒருக்கா வந்து பாத்திட்டுப் போவியோ?" என்று தொலைபேசியில் கேட்டார். கேட்கிற ஆளே இல்லை அவர். சிகிச்சைக்கு முன்னர் போய்ச் சேர்ந்துவிட வேண்டுமென்று, காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் போகும் கப்பலில் எனக்கும் மனைவிக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் இடம் பிடித்தேன்.

புறப்பட வேண்டிய நேரம் சரியாக இராகுகாலத்தில் விழுந்தது. என் மனைவி கணக்கு ரீச்சர். பாடசாலைக்கு வெளியே எல்லாவற்றுக்கும் பஞ்சாங்கம் பார்ப்பாள். இப்படியான சிக்கலுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. முதல்நாளே நல்ல நேரம் பார்த்து ஒரு பையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அடுத்த நாள் எந்த நேரத்திலும் வெளிக்கிடலாம், போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டால் சரி. ஆனால் வெளிக்கிட்டவர் பாதியில் வீட்டுக்குள் திரும்பக் கூடாது. திரும்பினால் பயணம் முறிந்துவிடும்.

பையில் ஒரு துணியை வைத்தாலே போதும். இவளோ, முக்கியமான சாமான் இருந்தால்தான் பயணம் உறுதி என்று நாலு பேருடைய பாஸ்போட்டையும் அதற்குள் வைத்துப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தாள். எனக்கு அப்போது அவளோடு வாதாடத் தெம்பில்லை.

இணுவிலில் எங்கள் ஒழுங்கைச் சந்தின் முகப்பில்தான் காங்கேசன்துறை வீதி. பஸ் ஏறினால் நேரே துறைமுகத்தடியில் இறங்கலாம், வாடகை வான் எதற்கு என்று பெரிய மனிதனாகச் சொன்னவன் நான். காலையில் ஒழுங்கையில் இறங்கினோமோ இல்லையோ, பஸ்சின் ஹோர்ன் கேட்டது. அதை விட்டால் அடுத்தது எப்போது வருமோ தெரியாது. பெட்டிகளையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடினோம்.

மல்லாகத்தை நெருங்கும்போது சின்னவள், "அம்மா, என்ரை பாஸ்போட் படத்தைக் காட்டுங்கோ" என்றாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"பையை நீங்கள் எடுக்கேல்லையே?"

"நீர் எடுத்திருப்பீர் எண்டெல்லோ நினைச்சன்!"

பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தொலைபேசி அடித்தால் எடுபடவில்லை. கப்பல் விடப்போகும் நேரம் மட்டும் தலைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. "நீங்கள் போய் துறைமுக வாசலிலை நில்லுங்கோ, நான் எடுத்துக்கொண்டு வாறன்" என்று நான் இறங்கும்போது அவள் என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கடை வீட்டுக்குள்ளை மட்டும் போயிடாதேங்கோ. தண்ணி குடிக்கவும் போகாதேங்கோ."

அவளுடைய கண் கலங்கியிருந்தது. அவள் எண்ணியதும் அண்ணையைத்தான்.

எதிர்ப்பக்க பஸ்சில் தொங்கிக்கொண்டு திரும்பினேன். அக்காவின் வீடு பூட்டிக் கிடந்தது. யன்னல் வழியாகப் பார்த்தேன். சாமிப் படத்தடியில் எங்கள் பை, மேலே ஒரு செவ்வரத்தம் பூவோடு பத்திரமாக இருந்தது. கையெட்டும் தூரம், நடுவில் கம்பி. பக்கத்திலேயே என் வீட்டுப் படலைக் கதவு. சாவி என் பொக்கற்றில். வீட்டு மூலைக்குள் அலவாங்குக் கடப்பாரை நிற்கிறது, எடுத்துவந்தால் பூட்டை உடைக்கலாம். படலைவரை போனேன். பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சிரிக்கிற நான் படலையில் கை வைக்கப் பயந்தேன். அண்ணை செத்துவிடுவார் என்று அந்தக் கணத்தில் உண்மையாகவே நம்பினேன்.

பின்பக்கத் தோட்டத்தை நோக்கி ஓடி, தொண்டை கிழியக் கத்தினேன். வெங்காயப் பாத்திகளுக்கு இடையிலிருந்து அக்கா நிமிர்ந்தார். சேற்றுக் கையோடு ஓடிவந்து கதவைத் திறந்தார்.

"கோயிலுக்குப் போட்டு வந்து எடுப்பியள் எண்டு நினைச்சன் தம்பி. வீட்டுக்குள்ளை போகேல்லைத்தானே?"

"இல்லை அக்கா."

"அப்ப ஒண்டும் முறியேல்லை. ஓடுங்கோ!"

அடுத்த பஸ் எல்லாத் தரிப்பிலும் நின்றது. சுன்னாகத்தில் மரக்கறிச் சாக்குகளை ஆறுதலாக இறக்கினார்கள். நான் சாரதியின் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வாய்க்குள் ஏசினேன், பிறகு முருகனைக் கும்பிட்டேன். துறைமுக வாசலில் மனைவி பிள்ளைகளை அணைத்தபடி நின்றாள். உள்ளே கடைசி ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். "வீட்டுக்குள்ளை போனனீங்களோ?" என்றாள். இல்லையென்று தலையாட்டினேன்.

வரிசையில் நிற்கும்போது தொலைபேசி அடித்தது. அண்ணை.

"தம்பி, வயித்து நோ கூடிப்போச்சு. இண்டைக்கே செய்யப்போகினமாம். இப்ப உள்ளை கொண்டுபோகினம்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "போட்டு வாறன்."

"போட்டு வாங்கோ அண்ணை! போட்டு வாங்கோ!" என்று கத்தினேன். வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் தொடர்பு துண்டிக்கப்பட்டுவிட்டது.

கடலில் தொலைபேசி எடுபடவில்லை. பிள்ளைகள் அலையைப் பார்த்துக் குதித்தார்கள். நான் சாப்பிடாமல் தொலைபேசியையே திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன். நாகப்பட்டினத்தில் இறங்கியதும், என் தொலைபேசி அங்கேயும் எடுபடாததால், ஓர் ஆட்டோக்காரரிடம் தொலைபேசியைக் கெஞ்சி வாங்கினேன். அண்ணி எடுத்தார். "நான்தான் அண்ணி" என்று மட்டும் சொன்னேன். கேட்கப் பயம்.

"தம்பியே? இப்பதான் கண்ணை முழிச்சவர். 'வந்திட்டன் எண்டு அவனுக்குச் சொல்லு' எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பவும் படுத்திட்டார்."