ஐந்தாவது கட்டம்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். எழுதும்போதும் அந்தப் பக்கம் என் எதிரே திறந்துதான் இருக்கிறது. நடந்தது போன மாதம், வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில்.

மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோயில் அலுவலகத்தில் ஒரு சின்ன சர்வர் உண்டு. மணி, கேமரா, பூசை நேரலை, ஞானஸ்நானப் பதிவேடு, நான்கும் அதில்தான் ஓடுகின்றன. ஒவ்வொன்றையும் திறக்க ஒவ்வொரு நீள எண். அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் லூயிசா டீச்சர் தினமும் ஒன்றைத் தப்பாக அடித்து, தினமும் என்னைக் கூப்பிடுவார். போதுமடா சாமி என்று, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே முகப்புப் பக்கம் செய்ய உட்கார்ந்தேன். நான்கு கட்டம். கட்டத்துக்கு ஒரு புள்ளி. பச்சை என்றால் ஓடுகிறது. சிவப்பு என்றால் நின்றுவிட்டது. மஞ்சள் என்றால் வேலை பாதியில் நிற்கிறது.

ஆறு மணிக்குத் திருவிழாக் கொடியேற்றம். அதற்குள் பக்கமும் நேரலையும் தயாராக வேண்டும். காரணம் என் அம்மா, ஜொவிட்டா. அடையாற்றங்கரை வீட்டை இடித்து எங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும், கொடியேற்றத்துக்கு வருஷம் தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுவாள். இந்த வருஷம் இடுப்பெலும்பு முறிந்து படுக்கை. போனில்தான் பார்க்க வேண்டும்.

"கொடி ஏத்தறத காட்டிடுவ இல்ல, நோயலு?" என்று காலையிலேயே மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

மதியம் 2.50. பக்கத்தைத் திறந்தேன். ஐந்து கட்டம்.

நான் செய்தது நான்கு. ஐந்தாவதில் பெயர் இல்லை. பச்சைப் புள்ளி மட்டும். எங்கோ கைதவறி ஒட்டிக்கொண்டது என்று அழித்தேன். மறுபடி திறந்தேன். ஐந்து. ஃபைலில் பார்த்தால் நான்குதான் இருக்கிறது! 3.35-க்கு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினேன். மூன்று வருஷமாகக் கம்ப்யூட்டர்தான் பிழைப்பு, ஒரு கட்டத்தை அழிக்க முடியவில்லை என்று என் மேலேயே வெறுப்பு வந்தது.

3.58. ஐந்து.

"சனியனே!" என்று கீபோர்டைக் குத்தினேன். 4.12-க்குப் பொறுமை போய்விட்டது. என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று அந்தக் கட்டத்தை அழுத்தினேன்.

டங்...

கோபுர மணி. ஒரே ஒரு அடி. ஆறு விநாடி ஒன்றுமில்லை. பிறகு...

டங்...

பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அது துக்க மணி. எங்கள் பங்கில் யாராவது இறந்தால், அவர்களுடைய வயது எத்தனையோ அத்தனை அடி. கொடியேற்ற நாளில் அது அடித்தால் பங்குச்சாமியார் என் தோலை உரித்துவிடுவார். மணிக் கட்டத்தில் 'நிறுத்து' அழுத்தினேன். நிற்கவில்லை. சின்ன வயதுப் பழக்கத்தில் வாய் தானாக எண்ணிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு.

சர்வரையே அணைத்தேன். திரை கறுத்தது.

டங்...

இப்போதுதான் பயந்து எழுந்தேன். நாற்பத்தொன்று... ஐம்பது... அறுபத்தாறு...

சுவரில் மணியை இயக்கும் மின்பெட்டி. பாய்ந்து வயரைப் பிடித்தேன்.

டங்...

பிடுங்கினேன்.

நின்றது. 4.19.

கதவு திறந்தது. பூக்கூடையோடு லூயிசா டீச்சர். பின்னால் சீரியல் லைட் கட்ட வந்த சேட்டு.

"டீச்சர், மணி கேட்டுதா?"

"எந்த மணி?"

சேட்டு சிரித்தான். "இன்னா சார் நீ... பெயிண்ட் அடிக்கணும்னு காலைலயே சுத்தியல கயட்டிட்டேன். தோ கீது பாரு."

மாடிப்படி அடியில், நியூஸ்பேப்பர் மேல், மணியை அடிக்கிற இரும்புச் சுத்தியல்.

எப்படியோ சர்வரை எழுப்பினேன். 5.30-க்கு நேரலை ஓடியது. ஆறுக்குக் கொடி ஏறியது. 6.40-க்கு அம்மா போன்.

"நல்லா தெரிஞ்சிச்சு நைனா. ஆமா, சாயங்காலம் யார்ரா செத்தது?"

"ஏம்மா?"

"துக்க மணி அடிச்சிக்கினே இருந்திச்சே. எண்ணிக்கினே வந்தேன். அறுவத்தேழோட நின்னுடுச்சு."

மயிலாப்பூரிலிருந்து பெரும்பாக்கம் இருபது கிலோமீட்டர். கோயில் வாசலிலேயே ஒருவர் காதிலும் விழாத மணி.

பையில் அம்மாவின் ஆதார் நகல் இருந்தது. அவசரமாக எடுத்துப் பார்த்தேன். 1961. அப்படியென்றால் அறுபத்து நான்குதான். அப்பாடா என்று உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மறுநாள் காலை 9.05. டீச்சர் கூப்பிட்டார்.

"நோயல், அஞ்சாவதா ஒண்ணு மஞ்சளா நிக்குதேப்பா. அழுத்திப் பாக்கட்டுமா?"

"தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். ஏன் அப்படிக் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. பிறகுதான் ஒன்று உறைத்தது. ஆதாருக்குப் படம் எடுத்த நாளில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு, கேட்டவரும் சொன்னவருமாகக் குத்துமதிப்பாக ஒரு வருஷத்தைப் போட்டார்கள். பிறந்த கணக்கு சரியாக இருக்கிற இடம் ஒன்றுதான். ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து அம்மா பெயரைத் தேடினேன்.

ஜொவிட்டா. பிறப்பு: 1957 சனவரி 6.

அறுபத்தெட்டு.

நான் வயரைப் பிடுங்கியது அறுபத்தேழில்.

வயர் இப்போது என் பையில்தான் இருக்கிறது. கட்டத்தை அழிக்க இன்னும் முடியவில்லை. தினமும் கண் விழித்ததும், பல்கூடத் துலக்காமல், அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன்.

இன்று காலை 5.40. மஞ்சள்.